கரைக்கு ஒரு முட்டு

இறந்த அப்பாவின் வாய் திறந்துகொள்ளாதபடி நாடியை வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, குழி எங்கே வெட்டுவது என்று தம்பி கேட்டான். ஜெப்ஸி முடிச்சை இறுக்கிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்று ஊரோடு வந்துவிட்டவர் அப்பா சத்தியராஜ். கன்டெய்னரைப் பூப்போல இறக்கிய மனுஷன், காலையில் காப்பி டம்ளரைத் தூக்கப்போய்ச் சாய்ந்துவிட்டார்.

"அம்மா பக்கத்துல வச்சா, தை மாசம் ஒன் லாரி வந்து ரெண்டு பேர் மேலயும் மண்ணு தட்டும்லா, அக்கா?" என்றான் பெனிஸ்டன்.

அவன் சொன்னதில் பொய் இல்லை. ஊருக்கு மேலே நிற்கும் அணை, வெள்ளைக்காரன் காலத்து மண்கரை. அடியில் வெறும் மணல். தண்ணீர் நிறைந்திருக்கும்போது பூமி குலுங்கினால் மணல் கூழாகிக் கரை சரிந்துவிடும். சரியாமலிருக்க அதன் காலடியில் மண்ணைக் கொட்டி இறுக்கிப் பாரம் வைக்க வேண்டும். ஊரில் அதை முட்டுக் கொடுப்பது என்றார்கள்.

முட்டு எதுவரை வர வேண்டும் என்று கோடு போட்ட இன்ஜினியர் ஜெப்ஸிதான். கல்லறைத் தோட்டத்தில் பாதி அந்தக் கோட்டுக்குள் விழுந்தது. அம்மாவும் விழுந்தாள். கோட்டை உள்ளே தள்ளியும் கணக்குப் போட்டுப் பார்த்தாள். கரை நிற்கவில்லை. ஊர் அவளை வாய்க்கு வந்தபடி ஏசியது.

எலும்புகளை மேட்டிலிருக்கும் புதுத் தோட்டத்துக்கு மாற்றலாம் என்றது சபை. "அவளை எழுப்பாத" என்ற அப்பா, பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கோபமா என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. இனி யாரைக் கேட்பது?

"புதுத் தோட்டத்துலயே வெட்டச் சொல்லு" என்றாள்.

வாசலில் குழிவெட்டி அய்யாக்குட்டி நின்றார். "வெட்டியாச்சும்மா. அம்மா பக்கத்துல."

"யாரு சொன்னா?" பெனிஸ்டன் கத்தினான்.

"ஐயாதான். போன மாசமே வந்து இடம் காட்டிட்டுப் போனாவ. 'சின்னதுல அவ அம்மா ஏசும்போதெல்லாம் எம்மவளுக்கு நாந்தான் முட்டு. இப்ப ஊரே ஏசுது. நாங்க ரெண்டு பேருமா அடியில கெடந்து முட்டுக் கொடுக்கோம்'னு சொல்லிச் சிரிச்சாவ."

குழி எவ்வளவு ஆழம் என்று மட்டும் ஜெப்ஸி கேட்டாள்.

சாயங்காலம், அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்துக் குழியருகே பாஸ்டர் ஜெபித்து முடித்தார். எல்லோரும் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். அய்யாக்குட்டி மண்வெட்டியால் மளமளவென்று தள்ளினார். பெட்டி மறைந்தது.

"நிப்பாட்டுங்க அண்ணாச்சி. இப்படிப் பொலபொலன்னு கெடந்தா, மேல பாரம் வரும்போது உள்வாங்கிரும்."

செருப்பைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் இறங்கினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அப்பாவின் மேல் கிடந்த மண்ணை மிதிக்கத் தொடங்கினாள், குதிகாலால், ஓரத்திலிருந்து நடுவுக்கு. பெண்கள் பக்கம் யாரோ "ஏசப்பா" என்றார்கள். பெனிஸ்டன் ஓர் எட்டு முன்னால் வந்தவன், அப்படியே நின்றுவிட்டான்.

ஜெப்ஸி நிமிரவில்லை.

"அடுத்த அடுக்கு போடுங்க" என்றாள். செம்மண் அவள் கணுக்கால்களின் மேல் விழுந்தது.