இருவர் சீட்டில் மூன்று கோழிகள்

1

கிட்டே வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஒரு கோழிக்கூட்டின் கதை சொல்கிறேன். முழுசாகச் சொல்வேன் என்று வாக்குக் கொடுக்க ஆசைதான். முடிவு எப்படி வரும் என்று எனக்கே தெரியாததால் முக்கால்வாசிக்கு மட்டும் வாக்குத் தருகிறேன்.

இது எங்கே பிறந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. என் கோழிகளுக்குப் புதுக் கூடு எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று ஒரு பழைய கடித உறையின் பின்பக்கம் கட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். நாலுக்கு நாலு, நாலுக்கு எட்டு என்று போட்டு அடித்து, போட்டு அடித்து, கடைசியில் ஒரு கட்டத்துக்குள் ஒரு மனிதர் வந்து நின்றுகொண்டார். காக்கிச் சட்டை, தோளில் தோல் பை. அவரை வெளியே தள்ள மனம் வரவில்லை.

2

முதல் தொடக்கம்: "கண்டக்டர் ஓய்வு பெற்ற நாளன்று வானம்..." (வானத்துக்கும் கோழிக்கும் என்ன சம்பந்தம்? வேண்டாம்.)

அடுத்தது: "கோழி வளர்ப்பில் முதலில் கவனிக்க வேண்டியது..." (உங்களுக்குக் கொட்டாவி வருவது இங்கிருந்தே தெரிகிறது.)

இன்னொன்று: "முப்பத்திரண்டு வருஷம் நின்றே வேலை பார்த்த பஸ் கண்டக்டர், ஓய்வு பெற்றதும் முதல் காரியமாக ஒரு சீட் வாங்கினார்."

இது இருக்கட்டும்.

உடைத்துப் போட்ட பஸ் ஒன்றின் இருவர் சீட் அது. பச்சை ரெக்சின், மூலையில் ஒரு கிழிசல். அதைக் கொல்லைச் சுவரோரம் போட்டு, கால்களைச் சிமெண்டில் பதித்துவிட்டார். மாலையானால் வீங்கிய காலைத் தூக்கி அதில் நீட்டிக்கொள்வார். (முன்பக்கம் போட்டிருக்கலாமே என்கிறீர்களா? போட்டுப் பார்த்தேன், போன வரைவில். வாசற்படியிலேயே தெரு தொடங்குகிறது. கொல்லையின் மறுபக்கம் துவைகல்லும் துணிக்கொடியும். வேறு இடமே இல்லை.)

3

உட்கார்ந்து பார்க்க ஏதாவது வேண்டாமா? நாலு கோழிகள் வாங்கினார். நாலடிக்கு நாலடியில் தானே கூடும் கட்டினார். மற்றவர்கள் கோழி உட்கார நீளமாக ஒரு கழி கட்டுவார்கள். இவர் நடுவில் நடைபாதை விட்டு, இரு பக்கமும் வரிசை வரிசையாகக் குட்டிக் கழிகள் வைத்தார். நாலு கோழிக்கு அது ராஜபோகம்.

பிறகு அவர் மனைவி, வாங்கிவந்த முட்டைகளை ஒரு கோழிக்கு அடை வைத்தாள். ஏழு குஞ்சு. ஏழும் தப்பி, ஏழும் வளர்ந்து, ஏழும் பெட்டையாக நின்றன. (ஏழுமா என்று கேட்காதீர்கள். சேவல் வந்தால் இன்னொரு சண்டை வரும். என்னிடம் அதற்கு இடமில்லை. ஒரு மகளைக்கூட முதலில் இக்கதையில் வைத்திருந்தேன். அவளையும் புக்ககத்துக்கு அனுப்பிவிட்டேன்.)

பொழுது சாய்ந்ததும் கண்டக்டர் கூட்டு வாசலில் நின்று சத்தம் போடுவார்.

"உள்ளே போ, உள்ளே போ! நடுவுல எவ்வளவு இடம் கிடக்கு! வாசல்ல ஏன் தொங்கறே?"

தொங்குவது எப்போதும் ஒரே கோழிதான். சாம்பல் நிறம், ஒல்லி உடம்பு. அதற்கு ஃபுட்போர்டு என்று பேர் வைத்திருந்தார்.

4

ஒரு காலையில் மனைவி ஃபுட்போர்டைக் கையில் ஏந்தி வந்தாள்.

"என்னங்க, இதைப் பாருங்க. முதுகுல ஒத்தை இறகு இல்ல. எல்லாம் சேர்ந்து கொத்தியே ரணமாக்கிடுச்சு."

"கூட்டம்னா இடிச்சுக்கத்தான் செய்யும். அறுபது பேர் வண்டியில நூத்திப்பத்து பேரை ஏத்தினவன் நான். யாராவது செத்தாங்களா?"

"உங்க வண்டியில ஏறினவங்க இறங்கினாங்க. இதுங்க எந்த ஸ்டாப்புல இறங்கும், சொல்லுங்க பார்ப்போம்?"

("டிக்கெட் எடுக்காததுக்கு எதுக்கு..." என்று அவர் ஏதோ சொல்வதாக எழுதி அடித்துவிட்டேன். அந்தப் பதில் என்னுடையது. நான் ஏன் இரவல் கொடுக்க வேண்டும்?)

5

கூட்டைப் பெரிதாக்கத் தச்சரை வரவழைத்தார்கள். அவர் கூடும் சீட்டும் இருந்த கொல்லைச் சுவரை அளந்தார். மொத்தம் பதினோரு அடி.

"ஒரு கோழிக்கு நாலு சதுர அடி வேணும் சார். அகலம் நாலடின்னா, நீளத்துல கோழிக்கு ஒரு அடின்னு வெச்சுக்கங்க. பதினோரு கோழி, பதினோரு அடி. சரியா இருக்கு."

"சீட் மூணடி இருக்கே."

"அப்ப எட்டுக் கோழிதான்."

"மிச்சம் மூணு?"

"இருவர் சீட்தானே, மூணு பேர் தள்ளி உட்காரட்டும். நீங்க சொல்லாததா?" சிரித்தபடி டேப்பைச் சுருட்டினார். "காலையில வந்து வேலையை ஆரம்பிக்கிறேன். அதுக்குள்ள முடிவு பண்ணுங்க."

மூன்று கோழிகளை வாங்கிக்கொள்ள எதிர்வீட்டு மாமா தயாராக இருந்தார். அவர் வளர்க்கக் கேட்கவில்லை.

"கொடுத்தா முதல்ல போறது ஃபுட்போர்டுதான்," என்றாள் மனைவி. "புண்ணு பட்டதைத்தானே முதல்ல தள்ளுவாங்க."

"அப்ப சீட்டைப் பெயர்க்கச் சொல்றியா?"

"நான் சொல்ல மாட்டேன். உங்க காலுக்குத் தைலம் தேய்க்கிறவ நான்."

6

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய் என் கோழிகளைப் பார்த்தேன். திரும்பி வந்தேன். மறுபடி எழுந்தேன். உட்கார முடியவில்லை.

ஒரு முடிவில், அவர் மூன்று கோழிகளைக் கொடுத்துவிட்டுச் சீட்டில் உட்கார்கிறார். எதிர்வீட்டிலிருந்து குழம்பு வாசனை... (கிழித்துவிட்டேன்.)

வேறொரு முடிவில், கடப்பாரையால் சீட்டைப் பெயர்க்கிறார். பதினோரு கோழிகளும் றெக்கை விரிக்கின்றன. நீங்கள் கைதட்டுகிறீர்கள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், முப்பத்து மூன்றாவது வருஷமாக. (இதைக் கிழிக்கவில்லை. படிக்கவும் முடியவில்லை.)

நான் நிச்சயமாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: அன்று மாலை அவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். பத்துக் கோழிகள் கூட்டில் ஏறிவிட்டன. அவர் "உள்ளே போ" என்று சொல்லவில்லை. ஃபுட்போர்டு வாசலில் கொஞ்சம் நின்று பார்த்தது. பிறகு இறங்கி வந்து, ரெக்சின் மேல் எட்டி ஏறியது. கண்டக்டர், பழக்க தோஷம், காலை மடக்கிக்கொண்டு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தார்.

கடப்பாரை சுவரில் சாய்ந்திருக்கிறது. காலையில் தச்சர் வருவார். அவருக்கு என்ன பதில் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லும் முன் கண்டக்டரின் காலையும் பாருங்கள், ஃபுட்போர்டின் முதுகையும் பாருங்கள்.

நீங்கள் நன்றாயிருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டுக்கு எத்தனை பேர் வந்தாலும் தள்ளி உட்கார ஒருவர் இருக்கட்டும். நின்றே களைத்தவருக்கு அங்கே ஒரு சீட்டும் இருக்கட்டும்.