கடலுக்கு வேண்டாத லைசன்ஸ்

கிறிகோரி பலெர்மோவுக்கு வந்து மூன்று வருடமாகியும் தூண்டிலோடு கடற்கரைப் பக்கம் போனதில்லை. மன்னாரில் கடலில் இறங்க நேவியின் பாஸ் வேண்டும். குளத்தில் மீன் பிடிப்பவனை ஒருவரும் கேட்பதில்லை. இங்கேயும் அப்படித்தான் என்று எண்ணி அவன் யாரிடமும் விசாரிக்கவில்லை. அவனைப் போன்ற வீட்டு வேலைக்காரருக்கு லீவு கிடைக்கும் ஒரு வியாழன் பின்னேரம், மனைவியின் தம்பி விமலராஜோடு பஸ் ஏறி, மலைக்கு அப்பால் இருந்த ஏரிக்குப் போனான். மறுநாள் காலை குவெஸ்துராவில், பொலிஸ் தலைமையகத்தில், அவனுடைய பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க வேண்டும். அந்தத் தங்கும் அனுமதி போனால் விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

தூண்டிலின் மிதப்பு அசைந்த நேரம் பின்னால் சரளைக்கல் நொறுங்கியது. பச்சை உடுப்பு. இடுப்பில் துவக்கு.

தடி கைநழுவியது. யோசிப்பதற்குள் அவனுடைய இரண்டு கைகளும் மேலே போய்விட்டன. முழங்கால் மண்ணில் குத்தியது.

“அத்தான், எழும்புங்கோ! இது நேவியில்லை. மீன்காவல்காரன்.”

“சும்மா இரு, சுட்டுப்போடுவான்!”

காவலாளியே திகைத்து ஓரடி பின்வாங்கினான். பிறகு லைசன்ஸ் கேட்டான். விமலராஜ் தமிழில் சொன்னான்: “எந்த வகை வைச்சிருக்கிறியள் எண்டு கேக்கிறான். தொழிலா வலை போடுறவைக்கு ஒண்டாம், தூண்டில்காரருக்கு வேறயாம், வந்துபோற வெளிநாட்டுக்காரருக்கு மூண்டு மாசத்துக்கு ஒண்டாம்.”

“குளத்துக்கோ?”

“ஓம், குளத்துக்குத்தான். கரையிலை நிண்டு கடலுக்கை தூண்டில் போட லைசன்ஸ் ஒண்டும் வேண்டாமாம். மூண்டு வரியமாக் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரிஞ்சிருக்கிறியள், அத்தான்!”

கிறிகோரி சிரிக்கவில்லை. காவலாளி பெர்மெஸ்ஸோவை வாங்கி அதன் இலக்கத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தண்டச் சீட்டில் எழுதிக்கொண்டிருந்தான்.

“அந்த நம்பர் எங்கை போகுது எண்டு கேள்.”

“குவெஸ்துராவுக்கு இல்லையாம். தண்டம் கட்டினால் முடிஞ்சுதாம்.”

“அப்பிடித்தான் சொல்லுவினம்.”

இரவு அவன் கண்மூடவில்லை. காலையில் குவெஸ்துரா வரிசையில் நின்றான். சட்டைப்பைக்குள் தண்டச் சீட்டு. மறைத்தால், தெரிந்தபின் பொய்யன் என்பார்கள். காட்டினால் தானே வலிந்து மாட்டிக்கொள்வது. அவனுடைய முறை வந்தது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் படிவத்தைப் புரட்டினாள், எதையோ தேடினாள், நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. சீட்டை எடுத்துக் கண்ணாடிக்குக் கீழே தள்ளினான்.

அவள் வாசித்தாள். பக்கத்து மேசைக்காரனைக் கூப்பிட்டாள். அவனும் வாசித்தான். கிறிகோரி மனைவி எமிலியானாவை நினைத்தான். அவளுக்கு எப்படிச் சொல்வது?

“மீன் பட்டதா?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

“இல்லை, சிஞ்ஞோரா.”

“இது எங்களுக்குரியது இல்லை. தபால் கந்தோரில் கட்டு.” சீட்டைத் திருப்பித் தந்துவிட்டுப் படிவத்தில் முத்திரை குத்தினாள். “இங்கே கையெழுத்துப் போடு.”

போட்டான். விரல்கள் நடுங்கியதில் அது பழைய கையெழுத்தோடு ஒத்துவரவில்லை. அவள் பெருமூச்சு விட்டு இன்னொரு வெற்றுப் படிவத்தை எடுத்தாள்.