அப்பா கேட்ட சீட்

ப்ளஸ் டூ முடிந்ததிலிருந்து கார்த்திகாவுக்குத் தூக்கம் ஒன்றுதான் வேண்டியிருந்தது. ஆனால் இஞ்சினியரிங் சீட் என்ன தூங்குகிறவர்களுக்கா கிடைக்கிறது? ஜேஇஇ இரண்டு தடவை எழுதினாள், இரண்டு தடவையும் ஊத்திக்கொண்டது. தனியார் பல்கலைக்கழகங்கள் ஆளாளுக்கு ஒரு நுழைவுத்தேர்வு வைத்தன. வெயிலில் பூந்தமல்லிக்கும் பாடிக்கும் பஸ் ஏறி, செருப்பு தேய்ந்து, எல்லாவற்றையும் எழுதித் தொலைத்தாள். ஹால் டிக்கெட் போட்டோவைப் பார்த்துவிட்டு ஒரு மேற்பார்வையாளர், "இது நீதானாம்மா?" என்றுகூடக் கேட்டார்.

கடைசியில் நம்பி நின்றது அரசு கவுன்சிலிங்தான். ப்ளஸ் டூ மார்க் கைவிடவில்லை. கட்ஆஃப் இருநூறுக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டு. கிண்டி இஞ்சினியரிங் காலேஜில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்க வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பவள். அந்த மார்க்குக்கு அது கிடைக்கும் என்று ஸ்கூலில் எல்லோருமே சொன்னார்கள்.

கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். மேலேயிருந்து பார்த்துக்கொண்டே வரும் கம்ப்யூட்டர், எது முதலில் காலியாக இருக்கிறதோ அதைக் கொடுத்துவிடும். அவ்வளவுதான் விஷயம். கார்த்திகா கிண்டியை முதலில் வைத்தாள். கடைசியில், ஒன்றுமே கிடைக்காவிட்டால் இருக்கட்டும் என்று, அம்பத்தூர் தாண்டியிருந்த ஒரு சுமாரான கல்லூரியை வைத்தாள். இனி மாற்ற முடியாதபடி அந்த வரிசையை லாக் செய்யும் ஓடிபி அப்பாவின் போனுக்குத்தான் வரும். அவர் டூட்டி முடிந்து வருவதற்குள் அவள் சுருண்டு படுத்துவிட்டாள்.

அப்பா ஏகாம்பரம் ஆவடி டேங்க் ஃபேக்டரியில் ஃபிட்டர். இருபது வருஷமாகக் குவார்ட்டர்ஸ் வாசம். குவார்ட்டர்ஸ் அலாட்மென்ட் என்றால் என்னவென்று அவருக்கு அத்துப்படி. கிடைக்காததை ஆசைப்பட்டுக் கேட்டால் வரிசையில் இருக்கிற முறையும் போய்விடும். அப்படித்தான் கூட வேலை பார்த்த கோதண்டம் பெரிய வீடாகக் கேட்டு, கடைசியில் வெள்ளானூரில் வாடகைக்குக் கிடந்தார். நிச்சயமாகக் கிடைப்பதைத்தான் மேலே எழுத வேண்டும் என்பது ஏகாம்பரம் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்.

"கார்த்தி, இதுல ஒரு சின்ன மாத்தம் பண்ணிக்கிறேன்மா. கடைசில கீற காலேஜ மொதல்ல தூக்கி வச்சா சீட்டு சேஃபு."

"ம்."

"லாக் பண்ணிடட்டுமா?"

"நீங்களே பண்ணிடுங்கப்பா. என்னால முடியல."

அவர் சொன்னதில் பாதிகூட அவள் காதில் விழவில்லை. லாக் ஆகிவிட்டது.

முடிவு வந்த அன்று ஏகாம்பரம் அரை நாள் லீவு போட்டுவிட்டு மைசூர்பாகோடு வந்தார். "மொதல் சாய்ஸே கெடச்சிருச்சுமா!" என்று வாசலிலிருந்தே கத்தினார். கார்த்திகாவுக்கு ஒரு நிமிஷம் கிண்டியே வீட்டுக்கு வந்துவிட்டது போல இருந்தது. போனை வாங்கிப் பார்த்தாள். அம்பத்தூர் தாண்டிய அந்தச் சுமாரான கல்லூரி. அதே நேரம் கூடப் படித்த ரோஷினியிடமிருந்து மெசேஜ். கார்த்திகாவைவிட ஒரு மார்க் குறைவு அவளுக்கு. கிண்டி, எலெக்ட்ரானிக்ஸ்.

கார்த்திகா கத்தவில்லை. கத்துவதற்கும் தெம்பு வேண்டுமே. "அப்பா, கம்ப்யூட்டர் மேலேர்ந்துதான் பாக்கும். மேல இருக்கறது கெடைக்கலன்னாதான் கீழ வரும். கிண்டியக் கேட்டதுக்காக யாரும் நம்மள வரிசைலேர்ந்து தள்ளிவிட மாட்டாங்க. ரோஷினிக்கே கெடச்சிருக்கு" என்று நிதானமாகச் சொன்னாள்.

ஏகாம்பரம் கையில் மைசூர்பாகு டப்பாவோடு நின்றார். அம்மா லோகநாயகி அதை வாங்கிச் சமையலறைக்குக் கொண்டுபோனாள்.

"இத வேணாம்னுட்டு அடுத்த ரவுண்டுக்குப் போலாமா?"

"போலாம்ப்பா. ஆனா அதுக்குள்ள கிண்டியெல்லாம் முடிஞ்சிருக்கும். இதுவும் கையவிட்டுப் போயிரும்."

"எல்லாம் என்னாலதான்மா."

"கேட்டீங்களேப்பா. நான்தான் 'ம்'னு சொன்னேன்."

அப்பாவின் மேல் அவளுக்குக் கோபம் இருந்தது, நிறையவே இருந்தது. தன் மேல் அதைவிட அதிகம். நாலு வருஷம் முழித்து முழித்துப் படித்தவள், முழித்திருக்க வேண்டிய அந்தப் பத்து நிமிஷத்தில் தூங்கிவிட்டாள். இன்னொரு ரவுண்டு, இன்னொரு காத்திருப்பு என்று நினைத்ததுமே உடம்பு மறுத்தது. சீட்டை ஏற்பதாக அழுத்தினாள். ஓடிபி வந்தது. ஏகாம்பரம் ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். நடுவில் குரல் உடைந்து, முதலிலிருந்து மறுபடி படிக்க வேண்டியதாயிற்று.

அவள் போய்ப் படுத்தாள். ஆசையாகக் காத்திருந்த தூக்கம் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே அப்பா பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து பிளாக் யூசுப் அந்த வழியாக வந்தார்.

"இன்னா நைனா, ஊட்ல ஒரே விசேஷமாமே! பாப்பா கேட்ட காலேஜே கெடச்சிச்சாமே, மொதல் சாய்ஸு!"

ஆமாம் என்று சொல்லிவிடுங்களேன் அப்பா என்று கார்த்திகா மனதுக்குள் கெஞ்சினாள். குவார்ட்டர்ஸ் முழுக்கப் பேசுவார்கள். அவரால் தாங்க முடியாது.

துணியைப் பிழிந்துகொண்டே ஏகாம்பரம் சொன்னார், "இல்ல பாய். பாப்பா கேட்டது வேற. இது நான் கேட்டது."