ரோடு இறங்கின தெரு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தெருவுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. ஆனா ரோடு போடுற ஆளுங்களைப் பார்த்தா நான் கத்துறதுக்குக் காரணம் என் வாய் இல்ல, என் வாசல்.

நான் கல்யாணமாகி வந்தப்போ இந்த வீட்டுக்குள்ள வர ரெண்டு படி ஏறணும். குழி விழுந்தா அது மேலயே தார், அது தேய்ஞ்சா அது மேலயும் தார்னு போட்டுப் போட்டு, ரெண்டு படியும் ரோட்டுக்குள்ள புதைஞ்சு போச்சு. இப்போ தெருவுல இருந்து வீட்டுக்குள்ள இறங்கணும். போன மழைக்குத் தண்ணி உள்ள வந்து முன்னறையில நான் வச்சிருக்கிற தையல் கடையில மெஷின் மோட்டார் எரிஞ்சுது, மாமனார் படுக்கையோட நனைஞ்சார். அன்னைக்குக் கட்டில் கால் நாலுக்கும் செங்கல் அடுக்கினோம். அவருக்கு முட்டி வலி. அவ்வளவு உயரத்துல இருந்து தானா இறங்க முடியல, ஒவ்வொரு தடவையும் யாராவது பிடிச்சு இறக்கணும். "பரண்ல போட்ட சாமான் மாதிரி ஆயிட்டேன்மா"ம்பார்.

என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுறவர், அதிகம் பேசமாட்டார். "இன்னொரு தடவை ரோடு ஏறுச்சுன்னா வீட்டை வித்துடலாம்"னு மட்டும் சொன்னார். வாங்க ஆளும் பார்த்து வச்சிருந்தார். வித்தா என் கடையும் போச்சு, நான் பிடிச்சு வச்ச வாடிக்கையும் போச்சு.

அந்த நேரம் பார்த்து ரோடு ஆளுங்க வந்து இறங்கினாங்க. நான் சண்டைக்கு இடுப்புல முந்தானையைச் சொருகிட்டுப் போனா, தலைக்கவசம் போட்ட ஒரு பொண்ணு, அவதான் இன்ஜினியர், "அக்கா, இந்தத் தடவை மேல போடலை. இருக்கிறதையே எடுத்துப் போடப் போறோம்"னா.

"எத்தனை பேர் இப்படிக் காதுல பூ சுத்தியிருக்காங்க தெரியுமா?"ன்னேன். சிரிச்சுட்டுப் போயிட்டா.

முதல்ல ஒரு மெஷின் வந்து மேல் தாரைச் சுரண்டி லாரியில ஏத்திட்டுப் போச்சு. என் வாசல்ல புதைஞ்சிருந்த மேல்படி நாலு விரல் உயரத்துக்கு வெளிய வந்துச்சு! குனிஞ்சு தொட்டுப் பார்த்தேன். செத்துட்டார்னு நினைச்ச ஆள் எழுந்து உட்கார்ந்த மாதிரி இருந்துச்சு.

அப்புறம் பெரிய மெஷின் வந்துச்சு பாருங்க, அம்மாடி! தெருவுல பாதி அகலம். முன்னால தார் டேங்கர், தண்ணி டேங்கர் ரெண்டையும் தள்ளிக்கிட்டே நகருது. வயித்துக்கடியில ரோட்டைக் கடிச்சு, அரைச்சு, கலந்து, பின்னால போட்டுக்கிட்டே வருது. போன நிமிஷம் ரோடா இருந்தது இந்த நிமிஷம் பொலபொலன்னு கிடக்கு. தைக்க வந்த துணியெல்லாம் அப்படியே கிடக்க, நான் வாயைப் பொளந்துட்டு நின்னேன். சத்தியமா, கையெடுத்துக் கும்பிடலாம்போல இருந்துச்சு.

இன்ஜினியர் பொண்ணு மெஷின்ல இருந்து தாரை ஒரு வாளியில பிடிச்சுக் காட்டினா. கொதிக்கிற தாருல சொட்டுப் பச்சைத் தண்ணி படுது. அவ்வளவுதான், பால் பொங்குற மாதிரி தார் நுரைச்சுப் பொங்குது! "இந்த நுரைதான் பழைய ஜல்லியைப் பிடிச்சு ஒட்ட வைக்குது. கொஞ்சம் சிமெண்டும் போடுறோம். ஜல்லியைச் சுட வைக்கவே வேண்டாம்"னா. அரைச்சுக் கலந்ததுல ஒரு பிடி அள்ளிக் கொடுத்தா. இறுக்கினேன். உருண்டையா நின்னுச்சு. கையில ரெண்டு மூணு கறுப்புப் புள்ளி, அவ்வளவுதான். தாரைத் தொட்டுக் கை சுத்தமா இருந்தது எனக்கு அன்னைக்குத்தான்.

திரும்பி வாசலைப் பார்த்தேன். படியைக் காணோம்.

அரைச்சுப் போட்டது உப்பி எழுந்து படியை முழுங்கியிருந்துச்சு. கழுத்துல கிடந்த டேப்பை எடுத்து அளந்தேன். நாலு விரலும் போச்சு. ரோலர் அப்போதான் நகர ஆரம்பிச்சுது. ஓடிப் போய் முன்னால நின்னேன், கையில கத்தரிக்கோலோட.

"ஏத்திட்டீங்கல்ல? என்னைத் தாண்டி உருட்டு பார்க்கலாம்!"

ரோலர்காரர் பாவம், கத்தரிக்கோலைப் பார்த்து ரெண்டு கையையும் தூக்கிட்டார். இன்ஜினியர் ஓடி வந்தா. "அக்கா, ஈரம் இருக்கும்போதே அழுத்தணும். விட்டா சிமெண்ட் இறுகிடும், அப்புறம் அழுந்தாது. நீங்க எதுக்குப் பயப்படுறீங்களோ அது நீங்க இங்க நின்னாத்தான் நடக்கும். இது இன்னும் அமுங்கலைக்கா. இதைப் போய் அளக்கிறீங்களே!"

சுருக்குன்னு பட்டுச்சு. புதுத் துணியை நனைச்சுக் காய வச்சுத் தேய்க்காம டேப் வைக்கிறவங்களை நான் எப்படி எல்லாம் திட்டியிருக்கேன்! ஊருக்கெல்லாம் பாடம் எடுத்துட்டு, நானே உப்பலை அளந்துட்டு நிக்கிறேன். கத்தரிக்கோலை முந்தானைக்குள்ள மறைச்சுக்கிட்டு ஒதுங்கினேன்.

ரோலர் போச்சு, வந்துச்சு, திரும்பப் போச்சு. தரை அதிர்ந்து பாதம் கூசுச்சு. நான் வாசலை விட்டுக் கண்ணை எடுக்கல. மொதல்ல படியோட விளிம்பு கோடு மாதிரி தெரிஞ்சுது. அப்புறம் ஒரு விரல். அப்புறம் ரெண்டு. கடைசியில பழைய நாலு விரல். எங்க வீட்டு முன்னால இத்தனை வருஷமா மிதிபட்ட அதே ரோடு, புதுசா, கல்லு மாதிரி, இறங்கிப் படுத்திருந்துச்சு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, வெட்கமா இருந்துச்சு, ரெண்டும் சேர்ந்து வந்துச்சு.

"இப்போ அளங்கக்கா"ன்னா அவ. நான் டேப்பைச் சுருட்டி வச்சுட்டேன்.

அது இறுகினதும் மேல மெல்லிசா ஒரு தார் போர்த்தினாங்க. அதுக்கப்புறமும் படி ரெண்டு விரல் வெளிய நின்னுச்சு. ஆனா என் வீட்டுக்காரர் வாங்குற ஆளுக்குப் பதில் சொல்லாம வச்சிருந்தார். "ஒரு மழை பார்க்கலாம்"னார்.

அந்த மழை ஒரு சாயங்காலம் கொட்டுச்சு. பழக்கத்துல நான் துணிமூட்டையை மேஜைமேல தூக்கினேன், அவர் மோட்டாரைக் கழட்டினார். ரெண்டு பேரும் வாசல்ல நின்னோம். தண்ணி வந்துச்சு. படி ஓரத்தை நனைச்சுது. அப்படியே தெருவோட ஓடிப் போச்சு. அவர் மோட்டாரைத் திரும்ப மாட்ட ஆரம்பிச்சார்.

உள்ளேயிருந்து மாமனார் கூப்பிட்டார். "தண்ணி வருதாம்மா?"

"இல்ல மாமா. வராது."

கட்டில் கிறீச்சுன்னுச்சு.

"அப்போ அந்தச் செங்கல்லை உருவிடும்மா. நானா எழுந்து தரையில நிக்கணும்."