எந்த பல்பும்மா?

பல்பு மாட்டிய அன்று வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். தையல் அறையில், மெஷினுக்கு முன்னால் முக்காலியில் அவருடைய மனைவி. கூடத்தில், இன்டர்நெட் மோடத்துக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு, கையில் செல்போனோடு மகள். அங்கேயே சுவிட்ச் போர்டுக்குக் கீழே, ஏணியின் இரண்டாம் படியில் எலக்ட்ரீஷியன். உட்கார்ந்தால் முட்டி தாடையில் இடிக்கும் அளவுக்கு நீளமான கால்கள் என்பதால் தெருவில் அவனுக்குக் கொக்கு என்று பெயர். இரண்டு அறைக்கும் நடுவே, நிலைப்படியை ஒட்டிப் போட்ட நாற்காலியில் அவர். மடியில் அட்டை, அட்டையில் வெள்ளைத்தாள், தாளில் கூரையின் வரைபடம், அதில் ஒன்று முதல் ஆறு வரை எண் போட்ட வட்டங்கள். முப்பத்திரண்டு வருடம் குடிநீர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். வரைபடம் இல்லாமல் வீட்டில் ஒரு ஆணிகூட அடிக்க விடமாட்டார்.

“சார், பல்புதானே மாட்டறோம்? பாலம் கட்டற மாதிரி பிளான் வெச்சிருக்கீங்க” என்றான் கொக்கு.

ஒரு வருடமாக மனைவிக்கு ஒரே புகார்: “இந்த ரூம்ல வெளிச்சமே பத்தலை.” டியூப்லைட்டை மாற்றிப் பார்த்தார்கள். மெஷினை ஜன்னலோரம் நகர்த்திப் பார்த்தார்கள். திரைச்சீலையைக் கழற்றியே போட்டார்கள். புகார் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. மகள் வரும்போதெல்லாம், “போதும்மா தைச்சது. மெஷினை யாருக்காவது குடுத்துட்டு நிம்மதியா இரு” என்பாள். “நீ ஆபீசை விட்டுட்டு நிம்மதியா இரேன், பாப்போம்” என்று இவள் திருப்பிக் கொடுப்பாள். கடைசியில் மகள்தான் இறங்கி வந்தாள். கூரையில் பதித்தால் வெளிச்சம் குவிந்து விழுகிற, செல்போனில் தொட்டால் கூடிக் குறைகிற ஆறு ஸ்மார்ட் பல்புகளை வாங்கி வந்து, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்: “இதுக்கும் மேல பத்தலைன்னா மெஷின் போயிடும், இப்பவே சொல்லிட்டேன்.”

மாட்டுவதில் சிரமம் இல்லை. பேர் வைப்பதில்தான் இருந்தது. ஆறு பல்புகளையும் செல்போன் கண்டுபிடித்துவிட்டது, ஆனால் எது எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. ஒன்றைத் தொட்டால், எரிகிற ஆறில் அது மட்டும் மெல்ல மங்கி, மறுபடி தெளியும். யாராவது கீழே இருந்து பார்த்துச் சொல்ல வேண்டும். மோடத்தை விட்டு நகர்ந்தால் இணைப்பு அறுந்தது. அதனால் மகள் கூடத்திலேயே இருக்க, பார்த்துச் சொல்லும் வேலை அம்மாவுக்கு வந்தது.

“எந்த பல்பும்மா?”

“அலமாரி மேல இருக்கறது.”

அவர் குனிந்து அலமாரி என்று எழுதினார். இப்படியே ஆறும் ஆனது. சரிபார்க்க மகள் மெஷின் பல்பை அணைத்தாள். அலமாரிப் பக்கம் இருண்டது. மொத்தத்தில் ஆறுக்கு நாலு தப்பு.

“அக்கா, பாத்துச் சொன்னீங்களா, சீட்டுக் குலுக்கிப் போட்டீங்களா?” என்றான் கொக்கு.

“உன்னை மாதிரி உசரமா இருந்தா நானும் பக்கத்துல போய்ப் பாத்திருப்பேன்” என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள். மகள் செல்போனைத் திட்டினாள். சுவிட்சை ஐந்து தடவை போட்டு அணைத்தால் பல்பு எல்லாவற்றையும் மறந்துவிடுமாம். “நம்ம மண்டைக்கும் இப்படி ஒரு சுவிட்ச் வெச்சா என்ன?” என்றபடி கொக்கு போட்டு அணைத்தான்.

இரண்டாவது தடவை தப்பு வரக்கூடாது என்று அவர் தாளைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். முதல் பல்பு மங்கியது. அலமாரி. “அலமாரி” என்றாள். அடுத்தது மெஷின். “மெஷின்” என்றாள். மூன்றும் சரி, நாலும் சரி. “அம்மா, கலக்கறே!” என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. அவர் பெருமையோடு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் கூரையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மிச்சம் இருந்தவை ஜன்னலும் கதவும். ஐந்தாவது மங்கியது. கதவுப் பக்கம். அவர் வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் கண்ணைத் திருப்பினார். செய்த கணமே செய்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

“ஜன்னல்” என்றாள் அவள், சந்தேகமே இல்லாமல்.

நூல் கோத்துக் கொடுங்கள் என்று தினமும் காலையில் ஐந்து ஊசிகளை அவரிடம் நீட்டுவது, தைத்து முடித்த ஓரத்தைக் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்ப்பது, பேப்பரை இப்போதெல்லாம் அவரையே படிக்கச் சொல்லிக் கேட்பது எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றன.

“ஜன்னலா? போட்டுக்கட்டுமாப்பா?”

“இரு இரு.” அவர் எழுந்தேவிட்டார். “கதவுன்னு போடு. நான் எழுந்து நின்னு அம்மாவுக்கு மறைச்சுட்டேன்.”

“நீங்க ஒரு இடத்துல உக்காருங்கப்பா, முதல்ல!”

மனைவி மடியில் கிடந்த துணியை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

மத்தியானம் கொக்கு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனான். “இப்பப் பத்துதாம்மா?” என்று மகள் கேட்டதற்கு, “ஜோரா இருக்கு” என்று அம்மா சொல்ல, அவளும் நிம்மதியாகப் பஸ் ஏறினாள்.

கல்யாணமான புதிதில் எட்டு மாதம் அவருக்கு வேறு ஊரில் வேலை. அப்போது எல்லாவற்றையும் கடிதத்தில் பேசிப் பழகிவிட்டார். ஒரே வீட்டுக்கு வந்த பிறகும், நேரில் சொன்னால் நாக்கு குழறும் என்று தோன்றுகிற விஷயத்தை எழுதி, தபால்தலை ஒட்டி, சொந்த வீட்டு முகவரிக்கே போட்டுவிடுவார். இத்தனை வருடத்தில் மூன்று கடிதங்கள். அவள் பதில் எழுதமாட்டாள். படித்துவிட்டு, “கடுதாசி வந்துச்சு” என்பாள். அதன் பிறகு பேசலாம்.

வாசலில் நின்று ஒரு போன் பேசிவிட்டு வந்து, உட்கார்ந்து எழுதினார். எப்போதும்போல எறும்பு ஊர்கிற மாதிரி பொடி எழுத்தில், ஒரே பக்கத்தில் முடிந்தது. கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கிழித்துப் போட்டார். கோப்பு அட்டைகளில் தலைப்பு எழுதுகிற தடிப் பேனாவை எடுத்துக்கொண்டு, மூன்று கோட்டுக்கு ஒரு வரியாக மறுபடி தொடங்கினார். மகளிடம் சொல்லவில்லை, நீ சொல்லாமல் நான் சொல்லமாட்டேன். மெஷின் எங்கேயும் போகாது. வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்குக் கண் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன், இரண்டு பேருக்கும். எனக்குப் பயமாக இருக்கிறது, அதனால் நீ கூட வர வேண்டும். அவ்வளவுதான் விஷயம். நாலு தாள் ஆனது.

உள்ளே மெஷின் ஓடுகிற சத்தம் நின்றது. “என்ன எழுதறீங்க?”

“பல்பு கம்பெனிக்கு.”

“நல்லா இருக்குன்னு எழுதுங்க. பாவம், அவங்க என்ன பண்ணுவாங்க?”

அவர் தாள்களை நாலாக மடித்தார். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

உறையின் மேலும் அதே தடி எழுத்து. அவள் பெயருக்கே முதல் வரி முழுக்கப் போய்விட்டது. தெருப் பெயரும் கதவு எண்ணும் நெருக்கியடித்து உட்கார, தபால்தலைக்கு மூலையில் கட்டைவிரல் அகலம்தான் மிஞ்சியது. பசை தடவி, ஓரத்தை இரண்டு தடவை நீவிவிட்டார். நாலு மணிக்குத் தபால் எடுப்பார்கள். தெருமுனைப் பெட்டியின் வாயில் உறை பாதி போய் நின்றுகொண்டது. நாலாக மடித்த நாலு தாளின் தடிமன். இரண்டு விரலால் அமுக்கித் தள்ளினார். காலிப் பெட்டியின் அடியில் அது ‘தொப்’பென்று விழுந்தது.