பின்னால் நிற்கிறவன்

இன்னும் விழுந்துகொண்டுதான் இருக்கிறாள், கண்ணை இறுக மூடிக்கொண்டு, கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு, ரெட்டைப் பின்னலில் கட்டிய சிவப்பு ரிப்பன் என் பக்கமாக மெல்லச் சாய்ந்து வருகிறது, நான் பின்னால் நிற்கிறேன், நீட்டிய கைகளோடு, அதாவது நீட்டியிருக்க வேண்டிய கைகளோடு, ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது, மற்றது பேண்ட் பாக்கெட்டுக்குள் போய்விட்டது, எப்போது போனது என்று எனக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும், பாக்கெட்டுக்குள் போன் அதிர்ந்தது, கை போய்விட்டது, அவ்வளவுதான், ஒற்றைக் கையால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைத் தாங்க முடியாது, என் விரல் நுனிகளை உரசிக்கொண்டு போய்த் தரையில் விழுந்தாள், சத்தம்கூடப் பெரிதாக இல்லை, யாரோ புத்தகப் பையை இறக்கி வைத்ததுபோல, வகுப்பு முழுக்கச் சிரித்தது, இதுவும் விளையாட்டில் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள், நானும் கூடச் சிரித்தேன், பழக்கதோஷம், மேடையில் வேட்டி அவிழ்ந்தாலும் அது நாடகத்தில் உள்ளதுதான் என்று முகத்தை வைத்துக்கொள்ளக் கற்றவன், கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிரின்சிபால் எஸ்தர் மேடம் மட்டும் சிரிக்கவில்லை, எழுந்து நின்றார், அப்போதுதான் கீழே கிடந்த நிலோஃபர் தன் இடது மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, அழலாமா வேண்டாமா என்று கேட்பதுபோல என்னைப் பார்த்தாள்.

அது டெமோ கிளாஸ், வேலை கேட்டு வருகிறவனை முன்பின் தெரியாத பிள்ளைகளின் முன்னால் நிறுத்தி ஒரு வகுப்பு எடுக்கச் சொல்லிப் பார்ப்பார்கள், பெண் பார்க்கும்போது பாடச் சொல்வதைப்போல, பாளையங்கோட்டையில் தடுக்கி விழுந்தால் ஏதாவதொரு பள்ளிக்கூடத்து வாசலில்தான் விழவேண்டும், நானும் ஒரு வருஷமாக ஒவ்வொரு வாசலாகத் தடுக்கி விழுந்துகொண்டிருக்கிறேன், நாடகம் சொல்லித் தருகிறவன் என்று சொன்னதும் எல்லா வாசலிலும் ஒரே மாதிரி ஒரு புன்னகை வரும், நாடகமா, அப்போ டான்ஸும் சேத்து எடுத்துருவீங்கள்லா, ஆண்டு விழாவுக்கு மூணு பாட்டு, அப்படியே கையெழுத்துப் பயிற்சியும், சாயங்காலம் பிள்ளைகளோட வேன்ல கூடப் போயி இறக்கி விட்டுட்டு வந்துரணும், ஒரு கரஸ்பாண்டன்ட் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சினிமால வந்திருக்கீங்களா சார் என்று கேட்டார், வந்திருக்கேன் சார், என்ன ரோல், பொணம் சார், எந்தப் பொணம், போர்த்திக் கெடந்த பொணம் சார், அவர் ரொம்ப நேரம் யோசித்தார், முகம் தெரிந்த பிணமாக இருந்திருந்தால் எடுத்திருப்பாரோ என்னவோ, கடைசியில் எல்லோரும் சொல்வதையே அவரும் சொன்னார், சொல்லி அனுப்புதோம் சார். சொல்லி அனுப்புதோம். இதற்கு என்ன அர்த்தம் என்று என் மனைவி இசக்கி கேட்பாள், வேண்டாம்னு அர்த்தமா, வேணும்னு அர்த்தமா, வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டால் அன்றைக்கு ஒரு நாள் படுத்துக் கிடந்துவிட்டு மறுநாள் வேறு வேலை பார்க்கலாம், சொல்லி அனுப்புதோம் என்கிறவனை வெறுக்கவும் முடியாது, மறக்கவும் முடியாது, போனைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு திரியவேண்டும், குளிக்கப் போனாலும் ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுத்தான் குளிப்பேன், இசக்கி ஜவுளிக் கடையில் காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே வேலை பார்க்கிறவள், உட்கார ஸ்டூல் கிடையாது, ராத்திரி அவள் கால் வீங்கியிருக்கும், நான் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு அவள் காலைப் பிடித்துவிடுவேன், அதையாவது இரண்டு கையாலும் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அன்றைக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியிலிருந்தும் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்கள், அதனால்தான் கை போனது, இங்கே ஒரு பிள்ளை என்னை நம்பி விழுந்துகொண்டிருக்கும்போதே நான் இன்னொரு பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன், அந்த விளையாட்டுக்குப் பெயரே நம்பி விழு, ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகச் சாய வேண்டும், பின்னால் நிற்கிறவர் பிடிக்க வேண்டும், வேறொன்றும் கிடையாது, நடிப்புக்கு இதுதான் அஸ்திவாரம் என்று நான் நீட்டி முழக்கிச் சொன்னேன், என்னை நம்புறீங்களா என்று கேட்டேன், யெஸ் சார் என்று கூரை அதிரக் கத்தினார்கள், பயமா இருக்கா, நோ சார், முதலில் யார் வருகிறீர்கள் என்றதும் எல்லோரும் டெஸ்க்குக்கு அடியில் பென்சில் தேட ஆரம்பித்துவிட்டார்கள், நிலோஃபர் ஒருத்திதான் எழுந்து வந்தாள். என்ன சார் ஆச்சு என்று எஸ்தர் மேடம் பக்கத்தில் வந்து கேட்டபோது என் வாய் தானாகத் திறந்தது, கை பாக்கெட்டுக்குப் போனதுபோலவே அதுவும் என்னைக் கேட்காமல்தான் திறந்தது, பாப்பா கொஞ்சம் சைடுல சாஞ்சிட்டா மேடம் என்றேன், மேடம் என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார், நேரா நில்லுன்னு எத்தனை தடவை சொல்லுதோம் உனக்கு என்றார், பி.டி. மாஸ்டர் வந்து அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போனார், தோளுக்கு மேலே அவள் முகம் தெரிந்தது, என்னையே பார்த்துக்கொண்டு போனாள். அவளுடைய அம்மா மேலப்பாளையத்திலிருந்து ஆட்டோ பிடித்து ஓடிவந்தார், எலும்பில் சின்னக் கீறல்தான், மாவுக்கட்டு போட்டால் சேர்ந்துவிடும் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் குற்றவாளிபோல நின்ற என்னிடம் வந்து, நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீங்க சார், இவ வீட்டுலயும் இப்படித்தான், ஒரு இடத்துல நிக்க மாட்டா என்றார், எனக்கு ஆறுதல் சொல்கிறார், நான் தலையை ஆட்டினேன், பெருந்தன்மையாக மன்னித்துவிட்டவனைப்போல ஆட்டினேன், இப்போது நினைத்தாலும் என் கழுத்தை நானே திருகிக்கொள்ளலாம்போல இருக்கிறது, பஸ் ஸ்டாப்புக்கு வந்து போனை எடுத்துப் பார்த்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளி இல்லை, இசக்கி, திருப்பிக் கூப்பிட்டேன், ஏங்க, வரும்போது தோசை மாவு ஒரு பாக்கெட் வாங்கிட்டு வந்துருங்க, அதுக்குத்தான் கூப்பிட்டேன், டெமோ என்னாச்சு, எடுத்துட்டாவளா, நான் சொன்னேன், சொல்லி அனுப்புதாங்களாம். மாவு வாங்கிக்கொண்டுதான் போனேன், அதை மறக்கவில்லை.

அன்றிலிருந்து கனவில் நான்தான் பின்னால் நிற்கிறேன், முன்னால் யார் யாரோ வந்து முதுகைக் காட்டி நிற்கிறார்கள், கரஸ்பாண்டன்ட் வருகிறார், டாக்டர் வருகிறார், புடவைக் கட்டோடு இசக்கி வருகிறாள், எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு சாய்கிறார்கள், எனக்குக் கை இருக்க வேண்டிய இடத்தில் சட்டை மட்டும் தொங்குகிறது, விழித்துக்கொண்டால் மின்விசிறி சுற்றுகிறது, சுற்றுவது விசிறியா, உவரிக் கடற்கரைக் காற்றா என்று தெரியவில்லை, அந்த மணலில்தான் நான் இந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டேன், கல்லூரி முடித்து வீதி நாடகக் குழுவோடு ஊர் ஊராக அலைந்த நாட்கள், ஒவ்வொருவராக விழுந்தார்கள், என் முறை வந்தது, பின்னால் ஜெபராஜ் நிற்கிறான், காளை மாடு மாதிரி உடம்பு, யானை விழுந்தாலும் பிடிப்பான், நான் கண்ணை மூடினேன், சாய்ந்தேன், அல்லது சாய்ந்ததாக நினைத்தேன், பாதி வழியில் முட்டி தானாக மடங்கி மணலில் உட்கார்ந்துவிட்டேன், மறுபடியும் முயன்றேன், மறுபடியும் உட்கார்ந்தேன், எல்லோரும் உருண்டு சிரித்தார்கள், ஜெபராஜ் சொன்னான், ஏல, நீ ஒன் முட்டிய மட்டுந்தாம்ல நம்புத, சிரிப்போடு சிரிப்பாக அது போய்விட்டது, அதன்பிறகு நான் எப்போதும் பிடிக்கிறவனாகவே இருந்துகொண்டேன், யாரும் கேட்கவில்லை, விழத் தெரியாதவன் விழச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்க வந்திருக்கிறான் என்பது எந்தப் பள்ளியிலும் எந்தக் கேள்வியிலும் வெளியே வரவில்லை, என்னிடம் டான்ஸ் தெரியுமா என்றுதான் கேட்டார்கள்.

நிலோஃபர் விழுந்த அந்தப் பள்ளியிலிருந்தே கூப்பிட்டார்கள் என்றால் யார் நம்புவார்கள், ஆண்டு விழா நெருங்கிவிட்டது, வேறு ஆள் கிடைக்கவில்லைபோல, திங்கட்கிழமையிலிருந்து வாங்க சார் என்றார் எஸ்தர் மேடம், இசக்கி அன்றைக்குக் கடை முடிந்து வரும்போது அல்வா வாங்கிக்கொண்டு வந்தாள், என் வாயில் ஊட்டிவிட்டாள், என்ன முகம் இப்படி இருக்கு, வேலை கெடைச்சவன் மூஞ்சியா இது என்றாள், திங்கட்கிழமை காலை வகுப்புக்குப் போகும் வழியில் மேடம் கூடவே நடந்து வந்து, அந்த நிலோஃபரை மட்டும் இதுல சேக்காதீங்க சார், நிலையா நிக்கமாட்டா, நமக்கு எதுக்கு வம்பு, ஓரமா உக்காந்து பாத்துக்கிடட்டும் என்றார், சரி மேடம் என்றது என் வாய், உள்ளே போனால் கடைசி பெஞ்சில், அன்று மேடம் உட்கார்ந்திருந்த அதே இடத்தில், மாவுக்கட்டுக் கையை டெஸ்க்கின் மேல் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்கிறாள், கட்டின் மேல் சிநேகிதிகள் ஸ்கெட்ச் பேனாவால் பூ வரைந்து வைத்திருக்கிறார்கள், மற்றவர்கள் எல்லோரும் டெஸ்க்கைத் தள்ளி வட்டமாக நிற்கிறார்கள், அவள் மட்டும் உட்கார்ந்திருக்கிறாள், நான் சொன்ன ஒரு வாக்கியம் அவளை அங்கே உட்கார வைத்திருக்கிறது, அல்வா கிடைத்தது எனக்கு, பெஞ்சு கிடைத்தது அவளுக்கு, குட் மார்னிங் சார் என்று வகுப்பு இழுத்துப் பாடி முடித்ததும் நான் ஒரு நகைச்சுவை சொல்லி ஆரம்பிக்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன், எப்போதும் அப்படித்தான் தப்பிப்பேன், ஆனால் இந்த முறை வாய் என்னைக் கேட்டுவிட்டுத் திறந்ததுபோல இருந்தது, அன்னைக்கு நிலோஃபர் சைடுல சாயல, என்றேன், அவ சரியாத்தான் விழுந்தா, நான்தான் கையை எடுத்தேன், போன் அடிச்சுது, எடுக்கப் போனேன், அப்புறம் பழியை அவ மேல போட்டுட்டேன், வராந்தாவில் எஸ்தர் மேடத்தின் செருப்புச் சத்தம் நின்றுவிட்டது, கதவருகே அவர் முகம், நான் அவரைப் பார்த்து, நான் நாளைக்கு வரணுமா மேடம் என்று கேட்டேன், வகுப்புக்கு நடுவே, பிள்ளைகளுக்கு முன்னால், அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, பாக்கலாம் சார், அப்புறமா ஆபீஸுக்கு வாங்க என்றார், ஆனால் போகவில்லை, அங்கேயே நின்றார்.

நிலோஃபர் இங்க வாம்மா என்றேன், மேடத்தைப் பார்த்தாள், பிறகு எழுந்து வட்டத்தின் நடுவுக்கு வந்து எனக்கு முதுகைக் காட்டி நின்றாள், அதே சிவப்பு ரிப்பன், நான் போனை எடுத்து எல்லோரும் பார்க்கும்படி மேசைமேல் வைத்துவிட்டு வந்து கைகளை நீட்டினேன், இரண்டையும், நீ விழ வேண்டாம்மா, சும்மா கேக்கேன், என்னை நம்புறியா, யெஸ் சார் என்று வகுப்பு கத்தியது, நான் அவங்களைக் கேக்கல, உன்னைத்தான் கேக்கேன், மேசையில் போன் அதிர ஆரம்பித்தது, முதல் நாள் வேலை எப்படி என்று கேட்க இசக்கி சாப்பாட்டு நேரத்துக்குக்கூடக் காத்திருக்க மாட்டாள், வெளிச்சத்தோடு அவள் பெயர் மின்னுகிறது, அதிர அதிரப் போன் கரப்பான்பூச்சி மாதிரி விளிம்பைப் பார்த்து நகர்கிறது, சார் போன் சார் என்று யாரோ சொல்கிறார்கள், மேசை எட்டும் தூரம்தான், ஒரு கையை மட்டும் நீட்டினால் போதும், தோள்பட்டை வலிக்கிறது, கடற்கரை மணலில் மடங்கிய முட்டி இப்போது மடங்காமல் நிற்கிறது, போன் விளிம்பைத் தாண்டிவிட்டது, விழுந்துகொண்டிருக்கிறது, இன்னும் விழுந்து முடியவில்லை, வகுப்பு முழுக்க மூச்சை இழுக்கிறது, என் கைகள் இரண்டும் அந்தச் சிவப்பு ரிப்பனுக்குப் பின்னால் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, தரையில் விழுந்த சத்தம் இந்த முறை பெரிதாகத்தான் கேட்டது, நிலோஃபர் திரும்பினாள், முதலில் சிதறிக் கிடந்த போனைப் பார்த்தாள், பிறகு நீட்டியபடியே இருந்த என் வலது கையைப் பார்த்தாள், பிறகு இடது கையை, பிறகு முகத்தை, பாக்கலாம் என்றோ சொல்லி அனுப்புதோம் என்றோ சொல்லாமல், இல்ல சார், நம்பல, என்றாள்.