பம்பு போயிடுச்சு

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கடையிலிருந்து போன் வரும். அதற்குள் வாஷிங் மெஷின் ஓட வேண்டும், இல்லாவிட்டால் புதுசு. மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள். பதினெட்டு மாடிக் கட்டடத்தில் அந்தரத்தில் நின்ற லிஃப்டையே கீழே இறக்கியவன், சொந்த வீட்டுக் குளியலறையில் இடுப்பு உயரப் பெட்டியிடம் தோற்பதா என்று லிஃப்ட் மெக்கானிக்குக்குக் காலையிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. டீயைக்கூட நின்றுகொண்டே குடித்தான்.

மெஷின் படுத்தது புதன்கிழமை சாயங்காலம். தண்ணீர் எடுக்கும், துணியைப் புரட்டும், நுரை காட்டும். அழுக்குத் தண்ணீரை வெளியே தள்ள வேண்டிய நேரத்தில் மட்டும் முனகிக்கொண்டு நின்றுவிடும். வேறு எவனாக இருந்தாலும் முதலில் அடைப்பைத்தான் பார்த்திருப்பான். ஆனால் லிஃப்ட்காரன் புத்தி வேறு. எது நின்றாலும் கரண்ட்டில்தான் கோளாறு என்று நினைக்கும். மூன்று நாளாக ஒயரைக் கழற்றினான், சர்க்யூட் பலகையைத் துடைத்தான், மீட்டரை வைத்து வைத்துப் பார்த்தான். மெஷினின் முதுகு முழுக்கத் திறந்து கிடந்ததே தவிர, ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியேறவில்லை.

"ஒன்பது வருஷம் உழைச்சிருக்கு. போதும், விட்டுடுங்க" என்றாள் மனைவி, பக்கெட்டில் சட்டைகளைக் கும்மிக்கொண்டே.

"நல்லா இருக்கிற மெஷினை எதுக்குத் தூக்கிப் போடணும்?"

"நல்லா இருக்கிறதைத்தான் மூணு நாளா பிரிச்சுப் போட்டிருக்கீங்களா?"

அவனுக்குச் சுருக்கென்றது.

இவர்கள் இரண்டு பேரையும்விடத் தவித்துக்கொண்டிருந்தவர் மூன்றாவது ஆள். மாமனார். ரயிலில் முப்பத்தோரு வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை குளியலறை வாசலில் வந்து நிற்பார். "ஆச்சா மாப்பிள்ளை?" என்பார். "இன்னும் இல்லை மாமா" என்றதும் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். உட்கார்ந்த மாதிரி தெரியாது, திரும்பச் செருப்புச் சத்தம் கேட்கும்.

மாமனார் மகள் வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. வந்த அன்றே, தண்ணீர்கூடக் குடிக்காமல், ஒரு நிபந்தனை போட்டார். "என் வேலையை நானே பார்த்துப்பேன். என்னால உங்க யாருக்காவது ஒரு வேலை வந்துச்சுன்னா, அன்னைக்கே கிளம்பிடுவேன்." அது வெறும் பேச்சு இல்லை. மகன் வீட்டில் மருமகள் அவருடைய தட்டைக் கழுவிவைத்துவிட்டு லேசாகப் பெருமூச்சு விட்டாள் என்று மறுநாளே கிளம்பி வந்தவர். இங்கிருந்தும் கிளம்பினால் போக இன்னொரு வீடு இல்லை. அது மகளுக்கும் தெரியும், மாப்பிள்ளைக்கும் தெரியும். அதனால் அவர் துணியை அவரே மெஷினில் போட்டு அவரே காயவைப்பதை இருவரும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

பதினொன்றே முக்காலுக்கு வேறு வழியில்லாமல் மெக்கானிக் தரையில் குப்புறப் படுத்தான். மெஷினின் அடியில் முன்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்ன மூடி இருந்தது. ஒன்பது வருஷமாக அதைத் தினமும் பார்த்திருக்கிறான், ஒரு நாள்கூடத் திறந்ததில்லை. கீழே தட்டை வைத்துவிட்டு உள்ளே இருந்த திருகைச் சுற்றினான். நாற்றத்தோடு தண்ணீர் கொட்டியது. தண்ணீர் நின்றதும் திருகைப் பிடித்து வடிகட்டியை வெளியே இழுத்தான்.

ஒரு பொத்தான், இரண்டு ஹேர்பின் வந்தன. அவற்றுக்குப் பின்னால் கொழகொழவென்று கண்ணாடி மாதிரி ஒரு வஸ்து, கை நிறைய. ஐஸை நுணுக்கிக் கொட்டினாற்போல் இருந்தது. பஞ்சும் பிளாஸ்டிக் துணுக்கும் அதில் ஒட்டியிருந்தன.

அவனுக்கு அது என்னவென்று உடனே தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரி லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழியில் இறங்கிச் சுத்தம் பண்ணியவனுக்குத் தெரியாதா? பெரியவர்களுக்குக் கட்டிவிடும் டயாப்பருக்குள் இருக்கும் ஜெல் அது. ஒரு தடவை போட்டுத் தூக்கி எறிய வேண்டியதை யாரோ துணி என்று நினைத்துத் துவைத்திருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ. தன் துணியைத் தானே மெஷினில் போடுகிறவர் இந்த வீட்டில் ஒரே ஒரு ஆள்தான். நாலு நாளாகச் சாத்தியே கிடக்கும் அறைக்கதவு இப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இந்த நாலு நாளும் அந்த மனுஷன் என்ன செய்திருப்பார்? யாரிடம் சொல்லியிருப்பார்? அவசர அவசரமாகப் பழைய செய்தித்தாளைக் கிழித்து அதை அள்ளிப் பொட்டலம் கட்டினான். வடிகட்டியைக் கழுவி மாட்டி, மெஷினின் முதுகையும் மூடினான்.

கூடத்தில் போன் அடித்தது. மனைவி போனைக் காதில் வைத்தபடியே குளியலறை வாசலுக்கு வந்தாள். அவள் பின்னால் மாமனார்.

"கடையிலேர்ந்துதான். என்ன ஆச்சு? அடைப்பா? என்ன அடைச்சிருந்தது?"

மெக்கானிக் மாமனாரைப் பார்க்கவில்லை. மெஷினையும் பார்க்கவில்லை. அடைப்பு என்று சொன்னால் என்ன அடைப்பு என்று கேட்பாள், கேட்டதை விடுகிற ஆளும் இல்லை அவள்.

"பம்பு போயிடுச்சு. இனிமே தேறாது. புதுசே வாங்கிடலாம்."

சொல்லும்போதே நாக்குக் கசந்தது. இருபது வருஷத் தொழிலில் எந்த இயந்திரத்தையும் பார்த்து அவன் சொல்லாத வார்த்தை அது. மனைவிக்கே அதிர்ச்சி. ஜெயித்துவிட்ட சந்தோஷம்கூட அவள் முகத்தில் வரவில்லை. "நிஜமாவா?" என்றாள். பிறகு போனில், "சரிங்க, அனுப்பிடுங்க" என்று ஆரம்பித்தாள்.

"நில்லும்மா" என்றார் மாமனார். "மாப்பிள்ளை பொய் சொல்றார்."

"மாமா..."

"முப்பத்தோரு வருஷம் பொய் சொல்ற மூஞ்சியைப் பார்த்தே சம்பளம் வாங்கினவன் நான். பம்பு நல்லாத்தான் இருக்கு. கையில என்ன பொட்டலம்?"

"ஒண்ணுமில்லை மாமா. குப்பை."

"பிரிங்க."

"மாட்டேன்."

மாமனார் சட்டென்று திரும்பித் தன் அறைக்குப் போனார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. வெளியே வரும்போது தோளில் பயணப் பை. மகன் வீட்டை விட்டு வந்த அன்று மாட்டியிருந்த அதே பை, பிதுங்கப் பிதுங்க நிறைந்திருந்தது.

"அப்பா!" என்று அலறினாள் மகள். போன் அவள் கையிலேயே கத்திக்கொண்டிருந்தது.

மாமனார் வீட்டு வாசல் பக்கம் போகவில்லை. நேராகக் குளியலறைக்கு வந்து மெஷின் முன்னால் பையை வைத்து ஜிப்பைத் திறந்தார். நாலு நாள் ஈரம் குப்பென்று மூக்கில் ஏறியது. சுருட்டி அடைத்திருந்த விரிப்பு, பைஜாமா, இன்னொரு விரிப்பு. ஒவ்வொன்றாக எடுத்து மெஷினுக்குள் போட்டார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ராத்திரில ஒண்ணுக்குப் போறது தெரிய மாட்டேங்குதும்மா" என்றார். "ஒரு தடவை போட்டுட்டு எறியறதான்னு அதையும் துவைச்சேன். கிழிஞ்சு போச்சு. என்னாலதான் மெஷின் நின்னுச்சு. மாப்பிள்ளை தொழில் தெரியாதவர்னு பேர் வாங்க வேண்டாம்." வெளியே தொங்கிய விரிப்பின் ஓரத்தை உள்ளே தள்ளினார். "சொன்ன சொல் சொன்னதுதான். இதை மட்டும் துவைச்சுட்டுக் கிளம்பிடறேன்."

மகள் போனை அணைத்தாள். முகத்தை இரண்டு கையாலும் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். அழுதால் அப்பா கூனிக்குறுகிப் போய்விடுவார் என்று அவளுக்குத் தெரியும். முன்னால் வந்து சோப்புத்தூளைக் கொட்டினாள், கதவை மூடிப் பொத்தானை அமுக்கினாள். தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது.

"கிளம்பறதுன்னா தாராளமா கிளம்புங்க. ஆனா ஈரத்துணியை மூட்டை கட்டிக்கிட்டு இந்த வீட்டைவிட்டு யாரும் போகக்கூடாது. எல்லாம் நல்லாக் காயட்டும்."

"காய எத்தனை நாளாகும்?"

"நம்ம வீட்டில வெயிலே வராதுப்பா" என்றாள் மகள். "காயவே காயாது."

மாமனார் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நின்றார். பிறகு, "கட்டில்ல இன்னொரு விரிப்பு இருக்கு" என்றார் மெல்ல. எடுத்துவரத் திரும்பியவரை முந்திக்கொண்டு மெக்கானிக் அந்த அறைக்குள் போனான். அவர் தடுக்கவில்லை.